மினி டிராக்டரில் டிரெய்லர் மாட்டும் முன்

ஆனைமலைப் பக்கம் எங்களுக்கு ஒரு சின்னத் தென்னந்தோப்பு இருக்கிறது. பெரிய டிராக்டர் உள்ளே புகுந்தால் வேரும் போகும், சொட்டுநீர்க் குழாயும் போகும் என்பதால் 24 எச்பி மினி டிராக்டர் ஒன்றை வாங்கினோம். உழவுக்கும் களைக்கும் அது தாராளம். சிக்கல் காய் வெட்டும்போதுதான் வரும். மரத்தடியில் குவித்த காயைக் களத்துக்குக் கொண்டுவர ஒவ்வொரு வெட்டுக்கும் வாடகை வண்டிக்காரரின் கையை எதிர்பார்த்து நிற்க வேண்டும். மாமா வீட்டில் இரண்டு சக்கர டிரெய்லர் ஒன்று சும்மா கிடந்தது. கேட்டதும் கொடுத்துவிட்டார். அதை வண்டியில் மாட்டுகிற கொக்கி விஷயத்தில்தான் எனக்கு 50,000 ரூபாய்க்கு மேல் போனது, கை மணிக்கட்டும் உடைந்தது. மினி டிராக்டர் வாங்குகிறவர்கள் இப்போது ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்களில் பலர் இதே கொக்கியைத்தான் தேடுவார்கள் என்பதால் நடந்ததை விவரமாக எழுதுகிறேன்.

மாமாவிடம் இருந்தது 45 எச்பி வண்டி. அதன் பின் டயர் 13.6-28, எங்கள் வண்டியில் 8.3-24. டயரின் மேல் எழுதியிருக்கும் இந்த எண்களை யார் கவனிக்கிறார்கள்? ஆனால் எல்லாம் அதில்தான் இருக்கிறது. பெரிய வண்டியின் பின் அச்சு தரையிலிருந்து சுமார் இரண்டடி உயரத்தில் நிற்கும், எங்கள் வண்டியில் ஒன்றரை அடிதான். பெரிய வண்டிக்கென்று செய்த டிரெய்லரை மட்டமாக நிறுத்தினால், அதன் மூக்கில் இருக்கும் வளையம் எங்கள் வண்டியின் கொக்கிக்கு ஒரு சாண் மேலே நின்றது. கம்பெனியிலிருந்தே வந்த கொக்கி அடியில் இருக்கிறது, டிரெய்லர் வளையம் மேலே இருக்கிறது. என்ன செய்வது என்று கேட்டதற்கு, வழக்கமாகப் போகிற பட்டறையில் ஒரு யோசனை சொன்னார்கள். கலப்பை மாட்டுகிற மூன்று பாயிண்டில் (கீழே இரண்டு லோயர் லிங்க், மேலே ஒரு டாப் லிங்க் என்று மூன்று கைகள்) ஏ வடிவச் சட்டம் ஒன்றை மாட்டி, அதன் நடுவில் கொக்கியைப் பற்றவைத்துவிடலாம். "தம்பி, சீட்ட விட்டு எறங்கவே வேண்டாம். ஹைட்ராலிக்க எறக்கி வளையத்துக்குள்ள விட்டு ஒரு தூக்கு, அவ்வளவுதான்." பாரம் தாங்குமா என்று கேட்டேன். வண்டி 750 கிலோ தூக்கும், இது என்ன பெரிய பாரம் என்றார்கள். வண்டி வாங்கிய இடத்திலும் கேட்டுப் பார்த்தேன். நிறையப் பேர் அப்படித்தான் ஓட்டுகிறார்கள் என்று பதில் வந்தது. 6,500 ரூபாய் கொடுத்துச் செய்து வாங்கினேன்.

அந்த 750 கிலோ கணக்கை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த எச்பியில் வரும் பல வண்டிகளுக்கு விளம்பரத்தில் அதே எண்தான் போடுகிறார்கள், அது பொய்யும் இல்லை. ஆனால் அந்த எடை லோயர் லிங்க் முனையில், அதாவது கலப்பையை மாட்டுகிற உருண்டை மூட்டு இருக்கிற இடத்தில் அளப்பது. அங்கிருந்து இரண்டடி பின்னால் தள்ளி அளந்தால் அதே வண்டி தூக்குவது கணிசமாகக் குறையும். சட்டம், கொக்கி என்று ஒவ்வொன்றாகப் பின்னால் நீட்ட நீட்டப் பாரம் பின்னுக்குப் போகிறது, முன் சக்கரத்தில் எடை குறைகிறது. அதோடு, நின்ற இடத்தில் ஒரு கலப்பையைத் தூக்குகிற திறன் வேறு, மேடு பள்ளத்தில் குதித்துக்கொண்டு வரும் டிரெய்லரைத் தாங்குகிற திறன் வேறு. மத்தியப் பிரதேசத்தில் புத்னியில் இருக்கும் மத்திய அரசுப் பரிசோதனை நிலையம் டிராக்டர் மாடல்களைச் சோதித்து அறிக்கை தருகிறது. வாங்கும்போது கடைக்காரரிடம் அந்த அறிக்கையைக் கேளுங்கள். எங்கே அளந்து எவ்வளவு தூக்கியது என்பது அதில் இருக்கும்.

ஆரம்பத்தில் எல்லாம் அருமையாகத்தான் போனது. மட்டையோடு ஒரு தேங்காய் ஒன்றேகால் கிலோ வரும், ஐந்நூறு காய் போட்டால் அறுநூறு கிலோவுக்கு மேல். தோப்புக்குள் மட்டமான தடத்தில் வண்டி சத்தமில்லாமல் இழுத்தது. கொஞ்சம் முன் சக்கரம் லேசாக இருப்பது போலவும், திருப்பும்போது ஸ்டீயரிங் பூப்போல இருப்பது போலவும் தோன்றியது. புது வண்டி, பவர் ஸ்டீயரிங் போல இருக்கிறது என்று வீட்டில் சிரித்துக்கொண்டோம். ஸ்டீயரிங் திடீரென்று லேசானால் அது நல்ல செய்தி இல்லை. முன் சக்கரம் தரையை விடத் தயாராக இருக்கிறது என்று அர்த்தம்.

எங்கள் தோப்பின் மேற்குப் பக்கம் பரம்பிக்குளம் ஆழியாறு பாசனக் கிளை வாய்க்கால் போகிறது. அதைத் தாண்டித்தான் களம். வாய்க்கால் மேட்டில் ஏறிப் பாலத்தில் இறங்க வேண்டும். அன்றைக்குப் பாதி லோடுதான், கடைசி நடை. முழு லோடாக இருந்திருந்தால் காய்கள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்து அசையாமல் நின்றிருக்கும். பாதி லோடு என்பதால் வண்டி மேட்டில் ஏறியதும் காய்கள் எல்லாம் உருண்டு டிரெய்லரின் பின்பலகைக்குப் போய்விட்டன. மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பின்பாரம் ஆனால் நுகத்தடி மேலே ஏறி மாட்டின் கழுத்தை இறுக்கும். இங்கே மாட்டின் இடத்தில் என் வண்டி. டிரெய்லரின் மூக்கு மேலே எழும்பியது. அதோடு கொக்கியும், ஏ சட்டமும், இரண்டு லோயர் லிங்க்கும் எந்தத் தடையும் இல்லாமல் மேலே ஏறின. வண்டியின் பின்பக்கத்தையே தூக்கிப் பிடித்தது போல ஆகிவிட்டது. பின் சக்கரம் இரண்டும் செம்மண்ணைக் கீறிக்கொண்டு நின்ற இடத்தில் சுற்றின.

கிளட்சை மிதித்துப் பிரேக்கையும் மிதித்தேன். பிரேக் பிடித்தது, ஆனால் பிடித்த சக்கரத்தின் மேல் எடையே இல்லை. வண்டி அப்படியே பின்னால் வழுக்கியது. டிரெய்லர் நேராகப் போகாமல் மடங்கி, அதன் மூக்கு வலது பின் டயரில் வந்து முட்டியது. லோயர் லிங்க் வளையும் சத்தம் கேட்டது. ஸ்டீயரிங் ஒரே சுற்றாகச் சுற்றி, இடது கையை இழுத்து மணிக்கட்டில் அடித்தது. பெருவிரலை ஸ்டீயரிங் கம்பிக்கு உள்ளே கோத்துப் பிடித்திருந்ததால் வந்த வினை அது. விரல் எப்போதும் வளையத்துக்கு வெளியே இருக்க வேண்டும் என்று கட்டுப் போட்ட டாக்டர்தான் சொன்னார். அவர் அப்பாவும் டிராக்டர் ஓட்டியவராம். வண்டி ஒரு தென்னை மரத்தில் சாய்ந்து நின்றது. மரம் இல்லையென்றால் வாய்க்காலுக்குள்தான்.

இன்ஜினை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். இறங்கினால் எடை மாறி வண்டி உருளுமோ என்று பயம். போன் டூல் பாக்ஸில் இருந்தது, கை எட்டவில்லை. உச்சி வெயிலில் தோப்பில் யார் இருப்பார்கள்? கத்திப் பார்த்தேன், பதில் இல்லை. கை வீங்கிக்கொண்டே வந்தது. வலியைவிட, இப்படியே இருட்டிவிட்டால் என்ன ஆகும் என்ற நினைப்புதான் ஆளைக் கொன்றது. கடைசியில் மடை திருப்ப வந்த பக்கத்துத் தோட்டத்து அண்ணன் பார்த்துவிட்டு ஓடி வந்தார். அவர் டயருக்குக் கல் வைத்த பிறகுதான் இறங்கினேன். அன்றிலிருந்து போன் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. தனியாக வண்டி எடுத்தால், எந்தப் பக்கம் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுத்தான் போகிறேன்.

ஏன் இப்படி ஆனது என்று விளங்க வைத்தவர், வளைந்த லிங்க்கைப் பார்க்க வந்த லேத்துக்காரப் பெரியவர். "கண்ணு, இது தூக்கறதுக்குச் செஞ்சது, இழுக்கறதுக்கு இல்ல" என்று சொல்லிவிட்டு, சும்மா தொங்கிக்கொண்டிருந்த இன்னொரு லோயர் லிங்க்கை ஒரு கையால் மேலே தூக்கிக் காட்டினார். எந்த எதிர்ப்பும் இல்லாமல் வந்தது. இதை நீங்களும் இன்ஜினை அணைத்துவிட்டு உங்கள் வண்டியில் செய்து பாருங்கள். பெரும்பாலான டிராக்டர்களில் ஹைட்ராலிக் எண்ணெய் மேலே தூக்க மட்டும்தான் தள்ளும். கீழே இறங்குவது கலப்பையின் சொந்த எடையில். கீழே அழுத்திப் பிடிக்க அதில் ஒன்றுமே கிடையாது. மண்ணுக்குள் இருக்கும் கலப்பைக்கு அது போதும். இரண்டு சக்கர டிரெய்லருக்குப் போதாது. பாரம் பின்னுக்குப் போன நொடியில் கொக்கி மேலே போகும், அதைத் தடுக்க லீவரால் முடியாது.

அந்த மூன்று பாயிண்ட்டின் கதையே சுவாரசியமானது. 1917இல் வந்த ஃபோர்ட்சன் டிராக்டர்களில், கலப்பை கல்லிலோ வேரிலோ மாட்டினால் முன்பக்கம் எழும்பி வண்டி பின்னோக்கிக் கவிழ்வது பெரிய தொல்லையாக இருந்தது. அயர்லாந்துக்காரர் ஹாரி ஃபெர்குசன் கலப்பையை மூன்று இடத்தில் வண்டியோடு பிணைத்தார். மண் கலப்பையைப் பின்னால் இழுக்கும்போது மேலே இருக்கும் டாப் லிங்க் வண்டியை முன்னால் தள்ளி, முன் சக்கரத்தை அழுத்திப் பிடிக்கும். 1939இல் ஃபோர்டோடு சேர்ந்து கொண்டுவந்த 9என் வண்டியோடு இது உலகம் முழுக்கப் பரவியது. ஆக, வண்டி கவிழாமல் இருக்கக் கண்டுபிடித்த சாதனம்தான் இது. ஆனால் அந்தப் பாதுகாப்பு மண்ணுக்குள் கலப்பை இருக்கும்வரைதான். அதே சட்டத்தில் உயரமான கொக்கியைப் பற்றவைத்து டிரெய்லரை இழுத்தால் கதை தலைகீழ்.

எனக்கு நடந்தது வழுக்கல். இதைவிட மோசமானது முன்பக்கம் எழும்புவது. இழுக்கும் இடம் பின் அச்சின் நடுவுக்கு மேலே இருந்தால், டிரெய்லர் பள்ளத்தில் மாட்டி நகராமல் நிற்கும்போது பின் சக்கரமும் சுற்ற முடியாமல் நிற்கும், அச்சைச் சுற்றி வண்டியே எழும்பும். ஒன்றரை நொடிக்குள் முழுக்கக் கவிழ்ந்துவிடும் என்று பாதுகாப்புப் பயிற்சிகளில் சொல்கிறார்கள். கிளட்சை மிதிக்க மூளை சொல்லிக் கால் கேட்பதற்குள் முடிந்துவிடும். கொக்கி கீழே இருந்தால், முன்பக்கம் எழும்ப எழும்பக் கொக்கி இன்னும் தாழ்ந்து இழுவையின் பிடி குறையும். கம்பெனிக்காரன் கொக்கியை அடியில் வைத்தது இடமில்லாமல் இல்லை. ஒரு டேப்பை எடுத்துப் பின் சக்கர நடுவின் உயரத்தை அளங்கள், அப்புறம் கொக்கியின் உயரத்தை அளங்கள். கொக்கி நன்றாகக் கீழே இல்லையென்றால் அதில் பாரம் இழுக்க வேண்டாம். யார் சொன்னாலும் சரி.

அப்படியென்றால் மூன்று பாயிண்டில் மாட்டுகிற கொக்கியே கூடாதா? கூடும், வேலையைப் பொறுத்து. களத்துக்குள் மட்டமான தரையில் காலி டிரெய்லரை இங்கிருந்து அங்கே நகர்த்த அது நல்ல சாமான்தான். அப்படி வாங்கும்போது பார்க்க வேண்டியது லிங்க்கில் கோக்கிற பின்னின் (pin) அளவு. அதை கேட்டகிரி என்று வகை பிரித்திருக்கிறார்கள். கேட்டகிரி 1 என்றால் லோயர் லிங்க் பின் 22 மில்லிமீட்டர், டாப் லிங்க் பின் 19. பெரிய வண்டிகளின் கேட்டகிரி 2 என்றால் 28, 25. மினி டிராக்டர்கள் பலவற்றில் வருவது கேட்டகிரி 1என் (1N). பின் அளவு கேட்டகிரி 1தான், ஆனால் இரண்டு லிங்க்குக்கும் நடுவில் அகலம் குறைவு. கேட்டகிரி 1க்கு 683 மில்லிமீட்டர், 1என்னுக்கு 400. கடையில் "மினிக்குப் போடலாம்" என்று சொன்னதை நம்பி அகலமான சட்டத்தை வாங்கினால் லிங்க்கை விரித்து மாட்ட வேண்டியிருக்கும், அது வளையும். பெரிய ஓட்டையில் சின்னப் பின்னைப் போட்டு ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதற்கென்று, இடைவெளியை அடைக்கிற குழல் போன்ற புஷ் கிடைக்கிறது, வாங்கிப் போடுங்கள். பின்னுக்குப் பதில் கட்டுக்கம்பி, போல்ட், ஆணி எதுவும் வேண்டாம். லிஞ்ச் பின் என்று வளையம் போட்ட சின்னப் பின் பத்து இருபது ரூபாய்தான், நாலைந்து வாங்கி டூல் பாக்ஸில் போட்டு வையுங்கள்.

ஊரில் இன்னொரு பழக்கம் உண்டு. இரண்டு லோயர் லிங்க்குக்கும் குறுக்கே துளைத்துளையாக இருக்கும் பட்டையைப் போட்டு அதில் டிரெய்லரை மாட்டுவது. இதிலும் என் கொக்கிக்கு நேர்ந்ததேதான் நேரும், பட்டையும் மேலே ஏறும். அதை அசையாமல் கட்ட ஸ்டே கம்பி போட்டு, லிங்க்கைத் தாழ்த்தி வைத்து, லிங்க் பக்கவாட்டில் ஆடாமல் பிடிக்கிற செக் செயினை இறுக்கி, இழுவைக்கு ஏற்பத் தானாக ஏற்றி இறக்கும் டிராஃப்ட் லீவரைத் தொடாமல், ஒரே உயரத்தில் நிறுத்தும் பொசிஷனில் வைத்து ஓட்டினால் லேசான பாரத்துக்குச் சமாளிக்கலாம். ஓடும்போது யாராவது ஹைட்ராலிக் லீவரைத் தூக்கிவிட்டால் எல்லாம் போச்சு. பக்கத்தில் மட்கார்டில் உட்கார்ந்து வருகிற பையன்களின் முழங்கை படுகிற இடத்தில்தான் அந்த லீவர் இருக்கிறது. மட்கார்டில் ஆளை ஏற்றவே கூடாது என்பது வேறு விஷயம்.

மாட்டும்போது டிரெய்லருக்கும் வண்டிக்கும் நடுவில் ஆள் நிற்கக் கூடாது. "வா வா, வரட்டும்" என்று சொல்லிக்கொண்டு வளையத்தைக் கையில் பிடித்தபடி ஒருவர் நடுவில் நிற்பது எல்லாத் தோட்டத்திலும் நடக்கிறது. கிளட்சில் கால் வழுக்கினால் முடிந்தது. டிரெய்லரின் மூக்குக்குக் கீழே ஸ்டாண்ட் வைத்துச் சரியான உயரத்தில் நிறுத்துங்கள். வண்டியைப் பின்னால் எடுத்து, நியூட்ரலில் போட்டு, கைப்பிரேக் இழுத்து, இன்ஜினை அணைத்த பிறகு ஆள் போய்ப் பின்னைப் போடட்டும். பின் போட்டதும் ஒரு சங்கிலியால் டிரெய்லரையும் வண்டியையும் தனியாகப் பிணையுங்கள். மேடு, இறக்கம் வருவதற்கு முன்பே லோ கியருக்கு மாற்றி, இடது, வலது சக்கரத்துக்குத் தனித்தனியாக இருக்கும் இரண்டு பிரேக் பெடலையும் சேர்த்துப் பூட்டிவிடுங்கள். ஒரு பெடல் மட்டும் பிடித்தால் டிரெய்லர் மடங்கும். நான்கு சக்கர இழுவை இருக்கிற வண்டியில் இறக்கத்தில் அதைப் போட்டுக்கொண்டால் முன் சக்கரமும் சேர்ந்து பிடிக்கும். பாரத்தோடு இருக்கும் டிரெய்லர் பல நேரம் மினி டிராக்டரைவிடக் கனமாக இருக்கும். நியூட்ரலில் இறக்கத்தில் விட்டால் அதுதான் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும்.

செலவைச் சொல்கிறேன். கொக்கி 6,500. வளைந்த லோயர் லிங்க், லிஃப்ட் ராட், செக் செயின் என்று 13,400. வண்டியை மேலே இழுக்க ஜேசிபி 2,500. டிரெய்லர் மூக்கை நிமிர்த்திப் பற்றவைக்க 4,000. எக்ஸ்ரே, கட்டு, மருந்து என்று 9,000. கை சரியாகும்வரை வாடகை வண்டிக்கும் ஆளுக்கும் 18,000. மொத்தம் 53,400. வாய்க்காலில் போன காய் தனி. செலவைவிட, கட்டுப் பிரித்த பிறகும் வண்டியில் ஏறப் பிடிக்கவில்லை என்பதுதான் கஷ்டமாக இருந்தது. சாவியைக் கையில் எடுத்துவிட்டு ஏதாவது சாக்குச் சொல்லித் திரும்பிவிடுவேன். முதலில் ஏறியபோது வீட்டில் அவளும் களம்வரை கூடவே நடந்து வந்தாள், ஒன்றும் சொல்லவில்லை. பட்டறைக்காரரிடம் போய்க் கேட்டேன். சட்டம் உடையவில்லையே, பற்றவைப்பு நிற்கிறதே என்றார். அது உண்மைதான், அதற்கு மேல் நானும் பேசவில்லை.

இப்போது என்ன செய்திருக்கிறோம் என்றால், லேத்துக்காரப் பெரியவர் வண்டியைத் தொடவே இல்லை. டிரெய்லரின் மூக்கை அறுத்து ஒரு சாண் கீழே இறக்கிப் பற்றவைத்துவிட்டார். 3,800 ரூபாய். கம்பெனி கொக்கியில் மட்டமாக உட்காருகிறது. இழுக்கும்போது லோயர் லிங்க்குகளைக் கழற்றிவிடுகிறோம், இல்லாவிட்டால் திருப்பத்தில் டிரெய்லர் மூக்கு அதில் இடிக்கும். டிரெய்லருக்குள் நடுவில் ஒரு தடுப்புப் பலகை போட்டு, பாதி லோடு என்றால் முன்பாதியில் மட்டும் காயைப் போடுகிறோம். மொத்தப் பாரத்தில் பத்தில் ஒரு பங்காவது மூக்கில் இருக்க வேண்டும் என்பது பெரியவர் சொன்ன கணக்கு. அதற்காக எல்லாவற்றையும் முன்னால் குவித்தால் மறுபடி முன் சக்கரம் லேசாகும், அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று, காப்பீடு. எங்கள் பாலிசியில் டிராக்டர் மட்டும்தான் இருந்தது. டிரெய்லர் மாட்டி ஓட்டும்போது நடந்தது, டிரெய்லர் பாலிசியில் இல்லை என்று சொல்லிக் கைவிரித்துவிட்டார்கள். டிரெய்லருக்குத் தனியாகப் பதிவு வேண்டும், பாலிசியிலும் அதைத் தனியாகச் சேர்க்க வேண்டும். மாமா பெயரில் பதிவே இல்லாமல் கிடந்த டிரெய்லருக்கு இப்போதுதான் ஆர்டிஓ ஆபீஸுக்கு நடந்துகொண்டிருக்கிறேன். செய்த பட்டறையின் பில், சேசிஸ் நம்பர் இரண்டையும் கேட்கிறார்கள். பழைய டிரெய்லர் வாங்குகிறவர்கள் பணம் கொடுக்கும் முன்பே அவற்றைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.